ஏட்டம்மா பிடித்த பிடி

தொழில்முறை கபடிப் போட்டிகளைப் பற்றி எழுத நான் ஊர் ஊராகப் போகத் தொடங்கியபோது, செய்தியாளர் வரிசையில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண். "நீங்க க்ரைம் பார்த்தவங்களாச்சே, கபடிக்கு எப்படி வந்தீங்க?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு ஏட்டம்மாவால் வந்தேன் என்பேன். மேற்கொண்டு சொல்வதற்குள் விசில் ஊதிவிடுவார்கள்.

க்ரைம் எனக்குக் கிடைத்ததே தற்செயல்தான். தொண்ணூறுகளின் நடுவில், கும்பகோணத்தில் எங்கள் நாளிதழின் மாடி அலுவலகத்தில் க்ரைம் பார்த்தவருக்குத் துபாய் விசா வந்தது. வேறு ஆள் கிடைக்கும்வரை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஆள் கிடைக்கவேயில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் காலையில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போவேன். அங்கே ஏட்டாக இருந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கனத்த உடம்பு, மெல்லிய குரல். கணவர் சவுதியில் வேலை பார்த்தார். வருகிற புகார்களில் பாதி அவர் மாதிரி வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிற பெண்களுடையவை. அந்தப் பெண்களைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கத் தொடங்குவார்.

ஒருநாள் திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். கணவன் குவைத்தில் இருந்தான். மாமியார் வீட்டில் சண்டை போட்டு அவளை வெளியே அனுப்பிவிட்டு, மூன்று வயது மகளை மட்டும் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். ஏட்டம்மா ஜீப்பில் ஏறினார். "இடம் இருக்கு, வர்றதுன்னா வாங்க" என்றார் என்னிடம்.

எங்கள் ஜீப் சத்தம் கேட்டதுமே கணவனின் அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடினான். பின்னால் நடவு முடிந்த வயல்கள். அதற்கப்பால் வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே ஒரு தென்னைமரம் போட்டிருந்தார்கள். அவன் வரப்பின் மேல் அதை நோக்கி ஓடினான். வழுக்கி விழுந்தால் குழந்தை வாய்க்காலோடு போய்விடும்.

ஏட்டம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காக்கிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். முழங்கால் அளவு சேற்றில் அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. குறுக்கே பாய்ந்து, அவனுக்கு முன்பே வாய்க்கால் கரையில் ஏறி நின்றார். கைகளை விரித்து, முழங்காலை லேசாக மடித்து நின்றார். அவன் இடப்பக்கம் நகர்ந்தான், அவரும் நகர்ந்தார். வலப்பக்கம் திரும்பினான், அங்கேயும் இருந்தார். ஒருமுறைகூட அவனைத் தொடவில்லை. அவன் கண்ணைப் பார்க்காமல் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"புள்ளைய எங்கிட்ட குடுங்க. நீங்க மெதுவா நடந்து வாங்க" என்றார்.

அவன் கொடுத்துவிட்டான். குழந்தை அழக்கூட இல்லை. நான் வரப்பில் அப்படியே நின்றேன்.

திரும்பும்போது, "இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கபடிதாங்க. போலீஸ்ல சேர்ந்ததே அதுலதான். மூத்தவன் பொறந்ததும் விட்டுட்டேன்."

மறுநாள் பேப்பரில் அது சின்னச் செய்தியாக வந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. ஞாயிறு மலருக்கு அவரைப் பற்றிப் பெரிதாக எழுத அனுமதி வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

"என்னைப் பத்தி எழுத என்னங்க இருக்கு?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "தஞ்சாவூர்ல மேட்ச் ஒண்ணு வருது. எங்க போலீஸ் டீம்ல ஒரு பொண்ணு முழுகாம இருக்கா, என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வந்து பார்த்துட்டு எழுதுங்க" என்றார்.

அவர் மகன்களோடு மைதானத்துக்கு வந்திருந்தார். எதிரணியில் எல்லாம் சின்னப் பெண்கள். ஏட்டம்மா கால்சட்டையில் களத்தில் இறங்கியதும், "அத்தைக்கு யாராச்சும் ஒரு சேர் போடுங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, சுற்றிலும் சிரித்தார்கள். அவர் மூலையில் போய்க் குனிந்து நின்றார்.

எதிரணியின் சிறந்த வீராங்கனை பாடிக்கொண்டு வந்தாள். மின்னல் மாதிரி ஒரு பெண். அதுவரை யாரிடமும் பிடிபடாதவள். நம் பக்கத்தில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டை நோக்கித் திரும்பினாள். அந்தத் திருப்பத்துக்காகவே காத்திருந்ததுபோல ஏட்டம்மா தரையோடு பாய்ந்தார். இரண்டு கைகளும் அவள் கணுக்காலில் பூட்டுப் போட்டதுபோல விழுந்தன. அவள் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கோடு எட்டவில்லை. 'கபடி கபடி' என்ற குரல் தேய்ந்து நின்றது. சிரித்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. ஒரு மனித உடம்பால் இவ்வளவு பொறுமையாகவும் இவ்வளவு வேகமாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். ஏட்டம்மா கையில் சிராய்ப்பு. பெரிய மகன் அதை ஊதிக்கொண்டே இருந்தான். எங்கள் போட்டோகிராபர் அந்தப் பிடியைப் படம் எடுத்திருந்தார். நான் தயங்கித் தயங்கி, "கால்சட்டையோட இருக்கிற அந்தப் போட்டோவைப் போடலாமா? உங்க வீட்டு ஆளுங்க பார்ப்பாங்களே" என்றேன்.

"பார்க்கட்டுமே" என்றார்.

கட்டுரை வந்தபிறகு விளையாட்டுச் செய்தியையும் என்னிடமே கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் சிங்கப்பூருக்குக் கிளம்பியிருந்தார். அது முதல் மைதானங்கள்தான் என் வேலை.

சில வாரங்கள் கழித்து மகளிர் நிலையத்துக்குப் போனபோது ஏட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய நாத்தனார் கோபத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சவுதியில் இருந்த கணவருக்கே அனுப்பிவிட்டாராம்.

"அவர் போன் பண்ணுனாரு. இது நீதானான்னு கேட்டாரு. நான்தான்னேன். சரி, இனிமே விளையாட வேணாம்னு சொல்லப்போறாருன்னு நினைச்சேன்."

"என்ன சொன்னாரு?"

ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் பார்த்து அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"அந்தப் பொண்ணை எப்படிப் புடிச்சே, முதல்லேர்ந்து சொல்லுன்னாருங்க."