கயிற்றுக்கு வெளியே ஒரு கால்

முனிசாமி எழுந்ததும் தன் இடது காலைத் தலைகீழாகப் பிடித்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். தேள் பார்க்கிறாராம். இத்தனை வருடத்தில் அதற்குள்ளிருந்து ஒரு தேள்கூட விழுந்ததில்லை. ஒரு முறை மட்டும் அவர் மகள் பவ்யா தொலைத்த சைக்கிள் சாவி விழுந்தது. ஆகவே தட்டுவதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. எதிர்வீட்டில் குடியிருக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் அலாரம், ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஒரு நாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "தேளுக்கு லீவு ஏது சார்" என்றார்.

ஊர் தமிழும் தெலுங்கும் கலந்த எல்லையில், பாலசமுத்திரத்துக்குப் பக்கம். பெயர் வேண்டாம். எழுதினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், அரசுப் பள்ளித் தமிழ் வாத்தியாருக்கு இங்கே வேறு வீடு கிடைக்காது.

அந்தக் கால் திருப்பதியில் இலவசமாகச் செய்து கொடுத்தது. அளவெடுத்தவர் முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் அளந்திருக்கிறார், முனிசாமியின் நிறத்தை மட்டும் பார்க்க மறந்துவிட்டார். மனிதர் நல்ல கறுப்பு. கால் ரோஜா நிறம். "எங்க வம்சத்திலயே கலரா பொறந்தது இது ஒண்ணுதான் சார்" என்று முட்டியில் தட்டிக் காட்டுவார். ஆயுத பூஜை அன்று அவர் மனைவி வசந்தா அம்மாள், வீட்டு மண்வெட்டிக்கும் மிக்சிக்கும் வைப்பதுபோல் அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். இவர் அன்றைக்கு முழுக்க ஊன்றுகோலில் நடப்பார். பூஜைக்கு வைத்த பொருளை எடுக்கக் கூடாதல்லவா.

வேலை சித்தூரில், ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வாசல் காவல். சீசனில் டிராக்டர்கள் ரோடு முனை வரை நிற்கும். இவர் நடுவாசலில் நின்று உள்ளங்கையைக் காட்டினால் போதும், வண்டி நிற்கும். முண்டியடிப்பவர்களை வரிசையில் வரச் சொல்லி முதலில் தெலுங்கில், "லைன்லோ ரண்டி." அப்புறம் தமிழில். அதற்கும் மசியாவிட்டால் பட்டாளத்து இந்தியில் ஆரம்பிப்பார். "இந்தியில திட்டுனா எவனுக்கும் புரியாது சார், அதனால சண்ட வராது. ஆனா பயந்துருவான்."

வேங்கடாசலத்தின் டிராக்டரும் அந்த வரிசையில்தான் வந்து நிற்கும். வேங்கடாசலம் எங்கள் ஊரில் பெரிய தோட்டக்காரர், திரௌபதி அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். ஊர்க்காரன் வாசலில் இருக்கிறான், வண்டியை முன்னால் விடட்டுமே என்று போன் செய்வார். "நம்ம ஊரு தூரம் பிரசிடெண்ட் சார். அதான் வண்டி லேட்டா வந்துகீது. முன்னாடி வந்ததெல்லாம் போனப்புறம் போவும்" என்பார் முனிசாமி. அவர் எல்லோரையும் 'சார்' என்றே கூப்பிடுவதால் அது மரியாதையா, கேலியா என்று வேங்கடாசலத்துக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தத் தோட்டத்தை முனிசாமிக்கு மரம் மரமாகத் தெரியும். ஏழு வயதில் அவருடைய நைனா, வேங்கடாசலத்தின் தகப்பனாரிடம் வாங்கிய கடனுக்காகப் பையனை அங்கே ஜீதத்துக்கு விட்டார். கடன் தீரும்வரை ஆள் அவர்களுடையது என்று அர்த்தம். தீரும்படி யார் எழுதினார்கள்? ஏழு வருடம் மாங்கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர், காய்த்த மரங்களில் கிளி விரட்டல், மாட்டுக்கொட்டகையில் படுக்கை. பதினாலாம் வயதில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்திறங்கி, கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று படித்துக் காட்டி, ஒரு தெலுங்குத் தாளைக் கையில் கொடுத்தார். "ஒழிஞ்சி பத்து வருசம் ஆச்சாம் சார். என்கிட்ட யாரும் சொல்லல" என்று சிரிப்பார் முனிசாமி. எனக்குச் சிரிப்பு வராது.

ஹாஸ்டலில் பத்தாவது படித்தார். திருப்பதியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் இவர்தான் முதல். யாரிடம் பயிற்சி எடுத்தாய் என்று கேட்ட அதிகாரியிடம், "கிளிங்ககிட்ட" என்றாராம். எட்டு வருடம் கழித்துக் கார்கில். அந்தக் கதையைச் சொல்லச் சொல்லித்தான் ஒரு சுதந்திர தினத்துக்கு அவரை எங்கள் பள்ளிக்கு அழைத்தோம். மாலை போட்டு, மைக்கைக் கொடுத்து, இருபது நிமிடம் ஒதுக்கினோம். "நடந்துகினு இருந்தேன். அப்புறம் நடக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மீதிப் பத்தொன்பது நிமிடத்தையும் தலைமையாசிரியை பாடி நிரப்பினார். பிள்ளைகள் இன்னும் அதை மறக்கவில்லை.

மற்றதை எனக்குத் தவணை முறையில் சொன்னார். கண்ணிவெடியில் தூக்கி எறியப்பட்டுப் பனியில் கிடந்தபோது, 'அம்மா, உசுரோட ஊரு சேத்தா உன் குண்டத்துல தீ மிதிக்கிறேன்' என்று திரௌபதி அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். "அப்ப கால் போனது தெரியாது சார். தெரிஞ்சிருந்தா மொட்டை போடறேன்னு வேண்டியிருப்பேன்."

உயிரோடு வந்தார். ஆனால் அப்போதெல்லாம் அவர்கள் தெருக்காரர்கள் குண்டத்துக்கு விறகு வெட்டலாம், மேளம் அடிக்கலாம், தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொள்ள முடியாது. வழக்குப் போட்டு, தாசில்தார் வந்து, போலீஸ் நின்று அது மாறுவதற்குள் பல வருடம் ஓடிவிட்டது. அப்புறம் கொரோனா. போன சித்திரையில்தான் முனிசாமி கமிட்டியிடம் பெயர் கொடுத்தார்.

வேங்கடாசலம் பெயரைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "குண்டத்துல செருப்போட எறங்கக் கூடாது. அடியில ரப்பர் கீது இல்ல, அப்ப அது செருப்புதான்" என்றார்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. காலென்றால் வலிக்க வேண்டும், இது வலிக்காது, எனவே செருப்பு என்றது ஒரு கோஷ்டி. செருப்பென்றால் அதற்கு மேலே இன்னொரு செருப்புப் போட முடியாது, இவர் போடுகிறார், எனவே கால் என்றது மறு கோஷ்டி. படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நானும் இலக்கணம் இலக்கியமெல்லாம் தேடிவிட்டு, தெரியவில்லை என்றேன். திருவிழாவில் பாரதம் படிக்க வந்தவர் ஒருவர்தான் வழி சொன்னார்: கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் போகட்டும், ஊன்றிக்கொள்ளக் கழி இருக்கலாம்.

"ஒரு கால்ல போனா பாதி வேண்டுதல்தான் ஆவும்" என்றார் வேங்கடாசலம்.

"ரெண்டு காலும் மாறி மாறி வெக்கிறவனுக்குப் பாதி சூடு சார். எனக்கு எல்லாச் சூடும் ஒரே கால்ல. நீங்க பாத்து ரெண்டு வேண்டுதலா எழுதிக்கினாலும் செரி" என்றார் முனிசாமி.

கடைசியில் அனுமதித்தார்கள். நிபந்தனை ஒன்று: குண்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே அந்தக் கால் வரக் கூடாது.

பதினெட்டு நாள் காப்பு. சாயங்காலமானால் வாசலில் இருபதடி அளந்து கோடு கிழித்து, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக் குதித்துக் குதித்துப் பழகினார். தெருவே நின்று எண்ணியது. பதினாறு குதி, பதினாலு, கடைசியில் பதினொன்று. வசந்தா மட்டும் எண்ணவில்லை. "இருக்கிறது ஒண்ணு சார். அதையும் சுட்டுக்கினு வந்தா நாளிக்கி கேட்டுல எத்தினி நாழி நிப்பாரு? நீங்களாச்சும் சொல்லுங்க" என்று என்னிடம் அழுதார்.

சொன்னேன். எல்லாம் அம்மனுக்குத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். அன்றுதான் முதல் முறையாக முனிசாமியின் முகத்தில் விளையாட்டு இல்லாததைப் பார்த்தேன்.

"எங்க நைனா வாங்கின கடனுக்கு நான் போய் நின்னேன் சார். நான் வெச்சிட்டுப் போற கடனுக்கு எம்பொண்ணு நிக்கக் கூடாது. அம்மன் கேக்க மாட்டா, தெரியும். எனக்குத்தான் தூக்கம் வரல."

மறுநாள் சாயங்காலம் நானும் தெருவோடு நின்று எண்ணினேன்.

தீமிதி அன்று மாலை ஐந்தரைக்குக் குண்டம் தகதகவென்று கிடந்தது. எதிர்முனையில் பால் ஊற்றிய குழி, அதன் ஓரத்தில் வசந்தா. திருப்பதியில் நர்சிங் படிக்கும் பவ்யா தீக்காய மருந்தோடு வந்திருந்தாள். இந்தப் பக்கம் கயிற்றருகே வேங்கடாசலம், கையில் மைக், வரிசை வரிசை என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். முனிசாமியின் முறை வந்ததும், "கழட்டு" என்றார். யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று தானே கையை நீட்டினார்.

முனிசாமி வாரை அவிழ்த்துக் காலைக் கொடுத்தார். வேங்கடாசலம் அதை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஈர மஞ்சள் வேட்டியோடு இறங்கினார் முனிசாமி. ஒன்று, இரண்டு, மூன்று. நாங்கள் எல்லோரும் எண்ணினோம். ஆறாவது குதியில் இடது கழி தணலுக்குள் புதைந்து ஒடிந்தது. அவர் சாய்ந்து, தடுமாறி, நின்றுவிட்டார். தீயில் நிற்கக் கூடாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேளம்கூட நின்றுபோயிற்று.

"டேய் முனி, நிக்காதடா. குதி. குதிடா." ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. வேங்கடாசலம் கயிற்றைத் தாண்டிக் குண்டத்தின் கரையோடு ஓடிக்கொண்டிருந்தார், ஒரு கையில் மைக், கக்கத்தில் கால். முனிசாமி ஒடிந்த கழியை வீசிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக் குதித்தார். ஏழு. எட்டு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வசந்தா அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பாலில் இறக்கினார்.

"தீந்துச்சி" என்றார் முனிசாமி. என் கண் கரித்தது. புகை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன்.

அப்போதுதான் வேங்கடாசலம் மூச்சிரைக்க வந்து நின்று, தான் எங்கே நிற்கிறோம் என்பதைப் பார்த்தார். கயிற்றுக்கு உள்ளே. காலோடு. கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். பூசாரி விபூதித் தட்டில் எதையோ தேடினார். காலைக் கீழே வைப்பதா, திரும்ப எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் வேங்கடாசலம் அதை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

"இத்த எப்பிடி மாட்றது?" என்று கேட்டார். மைக் அணைக்கப்படவில்லை.

"கீழ குந்தி நேரா புடிங்க சார்."

அவர் குனிந்து, சேற்றில் ஒரு முட்டியை ஊன்றி, ரோஜா நிறக் காலை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தார். முனிசாமி அவருடைய தோளில் கையை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கிக் காலை நுழைத்தார். வசந்தா வாரை இழுத்து மாட்டினார். மேளம் மறுபடி ஆரம்பித்தது, அடுத்த ஆள் குண்டத்தில் இறங்கினார். முனிசாமி தன் இரண்டு காலிலும் நேராக நின்று அதை வேடிக்கை பார்த்தார். கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.