சடையன் கூட்டிய எடை

கோவளம் சடையனுக்கு வேண்டியது ஒன்றுதான். வயிற்றில் தொங்கும் பை போக வேண்டும், மறுபடி கடலுக்குப் போக வேண்டும்.

குரோன்ஸ் என்று வியாதிக்குப் பெயர் சொன்னார்கள், செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில். குடல் தானே புண்ணாகிக்கொண்டே போகுமாம். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, மீதிக் குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் இறங்க ஒரு பை மாட்டியிருந்தார்கள்.

"இது கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார் டாக்டர் வைஷாலி. "நல்லா சாப்பிட்டு எடை ஏத்திக்கிட்டு வாங்க. குடலை உள்ளே சேர்த்துத் தைச்சிடலாம். சத்து இல்லாத உடம்புல தையல் பிடிக்காது."

சாப்பிட்டால் பை நிறையும். ஒருநாள் ஆசைக்குத் தின்றுவிட்டு, கூட்டாளி ஜான்சனோடும் மற்ற ஆட்களோடும் படகேறினான். நடுக்கடலில் வியர்வையில் பை கழன்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மூக்கைப் பொத்தாமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. கரைக்கு வந்ததும் ஜான்சன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணாத்த, ஒடம்பு தேறுற வரிக்கும் கரையிலயே வலைய பாத்துக்கினு இரேன்."

அன்றிலிருந்து, பை நிறைந்துவிடக் கூடாதென்று, அரை வயிறுதான். மனைவி சொர்ணம் மீன் விற்றுவிட்டு வந்த கையோடு முட்டை அவிப்பாள், சுறாப்புட்டு கிண்டுவாள்.

"துன்னுய்யா. துன்னாத்தான ஆப்ரேசன் பண்ணுவாங்க?"

"துன்னுகினுதான கீறேன், போ."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டிலிருப்பது தெருநாய்க்குப் போய்விடும். பை போக வேண்டுமென்றால் சாப்பிட வேண்டும். பை இருக்கும்வரை சாப்பிடப் பயம். இப்படி மாட்டிக்கொண்டவன் என்னதான் செய்வான்?

சடையன் செய்தது வலைக்காரன் புத்திக்கு மட்டுமே எட்டக்கூடியது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளைப் பழந்துணியில் முடிந்து, லுங்கிக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறினான். ஒவ்வொரு தடவையும் குண்டுகள் கொஞ்சம் கூடின. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "புரதம் இன்னும் கீழ் எல்லையிலதான் நிக்குது. ஆனா எடை ஏறிக்கிட்டே வருதே. சரி, உடம்பு தேறுது." பரீட்சையில் பாஸானவன் மாதிரி இளித்தான் படுபாவி.

ஆபரேஷனுக்கு உடுப்பு மாற்றும்போது முடிச்சை அவிழ்த்து சொர்ணத்தின் மடியில் போட்டான்.

"இன்னாய்யா இது, இம்மாம் கனம் கனக்குது?"

"ஈயம். இதான் எட காட்டுச்சி. வாயத் தொறக்காத."

விளங்கியதும் அவள் நர்ஸைத் தேடி எழுந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"சொன்னீன்னா வூட்டுக்குத் தொரத்திடுவாங்க சொர்ணம். இத்த மாட்டிக்கினு என்னால காலந்தள்ள முடியாது. என்னக் கடலுக்குப் போவ வுடு."

சொர்ணம் உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்கார்ந்ததற்காக அவள் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்கப்போவதில்லை.

தையல் பிடிக்கவில்லை. காய்ச்சல் கொதித்தது, வயிறு கல்லாக உப்பியது. உள்ளே கசிந்து சீழ் கட்டியிருந்ததால் மறுபடியும் கிழித்தார்கள். உயிர் மிஞ்சியதே பெரிது.

"எடை இவ்வளவு ஏறின உடம்பு உள்ளே இப்படி இருக்காதேம்மா," என்று டாக்டர் கேட்டபோது சொர்ணம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் திட்டவில்லை. "இனிமே உள்ளே சேர்க்க வழியில்லம்மா. பை நிரந்தரம்தான்," என்றார்.

அதைச் சடையனிடம் சொன்னது சொர்ணம்தான். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாயால் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, குழைந்த சோற்றில் மீனை உதிர்த்து அவள் ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் வாங்கமாட்டான் என்றுதான் நினைத்தாள். வாங்கிக்கொண்டே இருந்தான். கிண்ணம் காலியானது. பை புடைப்பது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றான். "வயித்தக் காலியா வச்சிகினு இனிமே நான் எந்தக் கடலுக்குப் போவப் போறேன்?"