பாதி விரல்

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. அதிலும் உடம்பு சரியில்லை என்று வந்து நிற்பவனைச் சுத்தமாக நம்பமாட்டேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில், கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் இராயபுரம் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், யாருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்று தீர்மானிப்பதும் எங்கள் வேலை. எங்கள் என்றால், ஷிப்டு மாற்றி வேலை பார்த்த இரண்டு கம்பவுண்டர்கள். அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு காய்ச்சல் என்று வந்தவனையெல்லாம் நான் பிடித்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை ஒரு விஞ்சுக்காரன் வந்தான். கப்பல் தளத்தில் நின்றபடி மூட்டைகளைத் தூக்கி இறக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். முப்பது வயதிருக்கும், நல்ல கட்டான உடம்பு. இடது கையை நீட்டினான்.

"சுண்டு வெரலு மரத்துப்போய்க்கீது நைனா. பக்கத்து வெரலும் பாதி செத்துப்போச்சு."

"பாதின்னா?"

மோதிர விரலின் நடுவே, நகத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "சுண்டு வெரலு பக்கம் ஒண்ணும் தெரியல. அந்தாண்ட பக்கம் நல்லாத்தான் கீது."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கை போச்சு என்றால் சரி, விரல் போச்சு என்றாலும் சரி. ஒரே விரலை நெடுக்காகப் பிளந்து பாதியை மட்டும் சாகடிக்கிற நோயை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் காதிலேயே பூ சுற்றுகிறான் என்று நினைத்தேன்.

"கீழ வேலை மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதிக் குடு நைனா. பிரேக்கு புடிச்சா கை நழுவுது. மூட்டை எவன் தலையிலனா வுழுந்தா இன்னா பண்றது?"

இதோ குட்டு வெளிப்பட்டுவிட்டது! வெயிலில் நிற்க முடியவில்லை, ஐயாவுக்குக் கிடங்கு நிழல் வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே என்னிடம் ஒரு பொறி இருந்தது. ஆளின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, "ஊசி குத்தினா ஆமான்னு சொல்லு, குத்தலைன்னா இல்லன்னு சொல்லு" என்பேன். மரத்துப்போனதாகக் காட்டிய இடத்தில் குத்தியதும் பொய்யன் "இல்ல" என்பான். உணர்ச்சியே இல்லாதவனுக்கு நான் எப்போது குத்தினேன் என்று எப்படித் தெரியும்? எத்தனையோ கெட்டிக்காரர்கள் அதில் விழுந்திருக்கிறார்கள்.

இவன் விழவில்லை. சுண்டு விரலில் குத்தினேன், பேசாமல் உட்கார்ந்திருந்தான். மோதிர விரலின் ஒரு பக்கம் குத்தினால் "ஆமா" என்றான், மறு பக்கம் குத்தினால் சத்தமே இல்லை. மாற்றி மாற்றிக் குத்தியும் அவன் காட்டிய கோடு இம்மி நகரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அப்போது நம்பியிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் முற்றிப்போனது. யாரோ என் பொறியை இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார்? அடுத்த ஷிப்டு கம்பவுண்டரா? என்னிடம் மாட்டிக்கொண்ட எவனாவது தோஸ்தா? அவன் சீட்டில் "நடிப்பு" என்று ஒரே வார்த்தை எழுதி, விஞ்சுக்கே திருப்பி அனுப்பினேன். சீட்டில் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு மறுபடி வந்தான். அதற்குள் மற்றக் கம்பவுண்டர் வேலையை விட்டுப் போயிருந்தார். டாக்டரும் மாறி, படிப்பு முடித்த கையோடு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். என் மகள் வயது. அவர் மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அவன் கையை நீட்டினான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. சுண்டு விரல் மடங்கியே நின்றது. வாயால் எதையும் நடிக்கலாம், சதையை எப்படி வற்ற வைப்பான்?

மோதிர விரலில் அதே கோட்டை டாக்டரம்மாவுக்கும் இழுத்துக் காட்டினான். அவர் முதலில் அவன் தோலில் தேமல் இருக்கிறதா என்று தேடினார். குஷ்டமோ என்று அவருக்குச் சந்தேகம். அது இல்லை என்றானதும், "வேலை செய்யறப்போ எப்படி நிப்பே, காட்டு" என்றார். அவன் இடது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, பிரேக்கைப் பிடிப்பதுபோல் கையை நீட்டினான்.

"ஏறுனா எறங்குற வரைக்கும் இப்டித்தாம்மா, இரும்புக் கம்பி மேல ஊணிக்கினு."

அவர் முழங்கையின் உட்புறத்தை விரலால் தட்டினார். அவன் துள்ளினான். "சுர்ருன்னு சுண்டு வெரலுக்கு ஓடுதும்மா!"

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடத்தில் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறதாம். சீட்டின் வெறும் பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். நரம்பு என்பது ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு செல்லின் வால். கழுத்துப் பக்கம், முதுகெலும்போடு கண்ணுக்கே தெரியாத அளவில் அந்தச் செல்லின் உடல் இருக்கிறது, வாலோ விரல் வரை நீளுகிறது. ஒரே ஒரு செல், ஒரு கை நீளம்! இதையும் என்னால் நம்ப முடியவில்லை. சில இழைகள் தொட்டதையும் சுட்டதையும் மேலே கொண்டுபோகின்றன. சில இழைகள் அசையச் சொல்லும் கட்டளையைச் சதைக்குக் கொண்டுவருகின்றன. கட்டளை வராத சதை வற்றிவிடும். இழைகளின் மேல் கொழுப்பாலான ஓர் உறை உண்டு, அது இருந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். நரம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் உறை தேயும், அப்புறம் இழையே செத்துவிடும்.

"இந்த நரம்பு சுண்டு விரலுக்கும் மோதிர விரல்ல பாதிக்கும்தான் போகுது. மீதிப் பாதிக்கு வேற நரம்பு" என்றார். "புஸ்தகம் படிக்காதவனால இந்தக் கோட்டைப் பொய்யாச் சொல்லவே முடியாது."

எதை வைத்து அவனைப் பொய்யன் என்று முடிவு கட்டினேனோ அதுவே அவன் சொன்னது நிஜம் என்பதற்கு அத்தாட்சி.

"கை சரியாப்பூடுமாம்மா?"

"உறை மட்டும் தேஞ்சிருந்தப்பவே வேலையை மாத்தியிருந்தா தானா வளந்திருக்கும். இப்போ இழையே போயிடுச்சு. முழங்கையிலேர்ந்து திரும்ப வளந்து வரணும். அதுவும் வந்து சேருமான்னு சொல்ல முடியாது." சீட்டைத் திருப்பினார். "நடிப்பா? யார் எழுதினது இது?"

"முன்னே இருந்த கம்பவுண்டர் எழுதியிருப்பார்மா. வேலையை விட்டுப் போயிட்டார்" என்றேன். என் நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, அவனுக்குத் தரை வேலை கொடுக்கும்படி எழுதினார். முழங்கையில் பஞ்சு வைத்துக் கட்டும்படி என்னிடம் சொன்னார்.

அவன் என்னைப் பார்த்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. மனதில் வைத்துக்கொண்டு பிறகு மிரட்டப் போகிறான் என்று நினைத்தேன். அடுத்த அறையில் கட்டுப் போடும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான்தான் எழுதினேன்னு ஏன் சொல்லலை?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது நைனா?" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "என் வெரலு செத்துப்போச்சுன்னு சொன்னதையே எவனும் நம்பல. நீ பொய் சொல்றேன்னு சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா?"