வாய் பார்த்தவள்

எனக்குச் சரியாகக் காது கேட்காது என்று வீட்டில் தெரிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. "சும்மா வாய் பார்த்துக்கிட்டு நிக்காதே" என்று டீச்சர் திட்டியதை வகுப்பே பிடித்துக்கொண்டது. டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயது வரை எல்லோருடைய வாயையும் பார்த்துத்தான் பிழைத்திருக்கிறேன். காதில் மாட்டும் மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், சொல்லைப் பெரிதாக்காது. எனக்குச் சொல் உதட்டில்தான் இருக்கிறது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஓர் எலெக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. நான் குடியிருக்கும் சுங்கை பினாங் பிளாட்டுக்குக் கீழே பேக்டரி பஸ் வரும், ஏறிக் கடல் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். வேலை தொடங்குமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி பிரீஃபிங் நடக்கும். எந்த மெஷின் ரிப்பேர், யாருக்கு எந்த இடம், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எல்லாம் அங்கேதான் சொல்வார்கள். கோவிட் போன பிறகும் எங்கள் இடத்தில் மாஸ்க் போகவில்லை. மாஸ்க் போட்ட மனிதர் எனக்குப் பூட்டிய கடை மாதிரி.

எங்கள் லைன் லீடர் அக்காதான் அந்தப் பூட்டைத் திறந்தவர். சூப்பர்வைசர் மலாயில் பேசப் பேச, அக்கா அவர் பக்கத்தில் நின்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து எனக்குத் தமிழில் சொல்வார். நடுவில் சூப்பர்வைசரின் தொப்பையைப் பற்றியும் ஒரு வரி வரும். சிரிக்காமல் நிற்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். "என்னா, வாய் பார்க்கிறவளே, விளங்குச்சா?" என்று முடிப்பார். அந்தப் பட்டத்தை வேறு யார் சொல்லியிருந்தாலும் அறைந்திருப்பேன்.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவில்லை. மாஸ்க்கை இறக்கினால் வார்னிங் லெட்டர் என்றார். அக்கா ஏற்றிக்கொண்டார். கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடற்பேறு குறைந்தவர் என்று அரசாங்கம் கொடுத்த அட்டை என் பையில் சும்மாதானே கிடக்கிறது? எடுத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிரீஃபிங் நேரத்தில் ஒருவருடைய முகமாவது எனக்குத் தெரிய வேண்டும். வாய் தெரிகிற பிளாஸ்டிக் மாஸ்க் ஒன்றை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தாலும் போதும். அங்கே இருந்தது நம் தமிழ்ப் பெண்தான், என்னைவிட இளையவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். தன் மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னோடு பேசினாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்கியிருக்கேன். பின்னால லேபல் ஸ்டோர். அமைதியா இருக்கும், யாரும் வந்து பேச மாட்டாங்க. இனிமே பிரீஃபிங்குக்கும் வரத் தேவையில்லன்னு சொல்லிட்டேன்."

"நான் மூஞ்சிதானம்மா கேட்டேன்?"

"ஏன்க்கா கஷ்டப்படணும்? ரெஸ்ட்டா இருங்கலா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். மனசாரச் செய்தவளிடம் என்னவென்று கத்துவது?

ஸ்டோரில் நானும் பெட்டிகளும்தான். இடம் மாறியவர்களை எடுத்துவிடும் வழக்கப்படி லைன் வாட்சப் குரூப்பிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போனது, நான் போகும்போது லைன்காரர்கள் எழுந்து கை கழுவிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அக்கா விடவில்லை. வேலை முடிந்து போகும் வழியில் ஸ்டோரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மாஸ்க்கை இறக்குவார். கதவைத் திறக்க மாட்டார், எங்களுக்கு எதற்குத் திறக்க வேண்டும்? கண்ணாடி வழியாகவே மகள் சண்டை, மீன் விலை, முட்டி வலி, புது சூப்பர்வைசரின் தொப்பை எல்லாம் வந்து சேரும். அந்தப் பக்கம் போகிறவர்கள் அக்காவுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

இரண்டு நாள் அக்கா வரவில்லை. லீவு போட்டிருப்பார், வரட்டும், ஏசலாம் என்றிருந்தேன். இரண்டாம் நாள் கேன்டீன் பாதி காலி. எனக்கு நல்லகாலம் என்று நினைத்தேன். பொரித்த மீன் தீராமல் இருந்தது, கேட்டு வாங்கி இரண்டாகவே தின்றேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் சந்தோஷம் வேறு.

மறுநாள் கழிவறையில் லைன்காரி ஒருத்தி என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை இறக்கினாள்.

"அக்காவப் பார்க்க நேத்து நீ ஏன் வரல?"

நான் விளங்காமல் விழித்தேன். அவள் மெதுவாக, உதட்டை விரித்துச் சொன்னாள். ஹார்ட் அட்டாக். தூக்கத்திலேயே போய்விட்டாராம். மத்தியானமே எடுத்துவிட்டார்களாம். லைன்காரர்களுக்குக் கம்பெனி பஸ் விட்டதாம். போனவர்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்களாம்.

"யாரும் எனக்குச் சொல்லலியே" என்றேன்.

"பிரீஃபிங்ல சொன்னாங்களே!" என்றாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வாய்க்கு ஒரு பிடி அரிசி போட, பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்து, எனக்குத்தான் உரிமை. அதன் ஒவ்வொரு அசைவும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் உட்கார்ந்து மீன் தின்றிருக்கிறேன். ஆபிசில் போய் முகம் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நூறு தடவை வேண்டுமானாலும் கேட்பேன். ஆனால் மனசு ஆறவில்லை, ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பேக்டரி அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். அட்டைக்குப் படம் எடுக்கும்போது சிரிக்கவிட மாட்டார்கள். உதடு இறுக மூடியிருந்தது. மகள் வந்து என் தோளைத் தொட்டாள், ஏதோ சொன்னாள் போலிருக்கிறது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. படத்துக்கு முன்னால் வாய் பார்த்துக்கொண்டே நின்றேன்.