நாலு தரம் திறந்த குழாய்

கற்பிட்டிக் கரையில் நிக்கொலஸின் கமராவுக்குள் விழாமல் எவரும் கலியாணம் முடித்ததில்லை. தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்: வந்தவர் முகத்தை வெட்டக் கூடாது. ஒரு பெரியம்மாவை வெட்டினால் ஒரு குடும்பமே பேச்சை நிறுத்திவிடும்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடத்திலிருந்து எம்பி ஐயாவின் கூட்டங்களையும் அவர்தான் பிடித்தார். தேர்தலுக்குத் தேர்தல் ஐயாவின் சால்வை நிறம் மாறியது, பேச்சு மாறவில்லை. நிக்கொலஸ் அலுக்காமல் பிடித்ததற்குக் காரணம் தன் வீட்டு வாசலில் காய்ந்து நின்ற பொதுக் குழாய். வளவுக் கிணறு உப்பு. மனைவி மக்தலேனா குடிதண்ணீருக்கு ஒரு கட்டைத் தூரம், முழுசாக ஒரு மைல், நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடக்கிறாள். “அடுத்த மாசம் தண்ணி வரும்” என்று எம்பி சொல்லும்போதெல்லாம் மனிதர் நம்பினார். நம்புவதற்கு யாரும் வரி போடவில்லையே.

பதினைந்து வருட சேவையைப் படமாக்கி மாதா கோயில் மண்டபத்தில் காட்டச் சொன்னார் எம்பி. நிக்கொலஸ் பழைய கசெட்டுகளையெல்லாம் எடுத்து, கலியாணச் சட்டப்படி ஒன்றையும் வெட்டாமல் ஒட்டினார்.

படத்தில் அதே குழாய் நாலு தரம் திறக்கப்பட்டது. நாலு தரமும் மதிலுக்குப் பின்னால் நின்ற பவுசர், தண்ணீர்த் தாங்கி லொறிதான் அதற்குத் தண்ணீர் ஊட்டியது. பவுசர் ட்ரைவரும் விழாவுக்கு வந்தவர்தானே, அவர் முகத்தையும் நிக்கொலஸ் விடவில்லை. நாலு தரமும் முதற்குடம் பிடித்தவள் மக்தலேனா. அவள் தலை நரைத்துக்கொண்டே போக, எம்பியின் தலை கறுத்துக்கொண்டே வந்தது. மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது. எம்பிக்கு அது அன்பாகத் தெரிந்தது; எழுந்து கும்பிட்டு, அடுத்த கிழமை குழாயை மறுபடி திறப்பதாக அறிவித்தார்.

நிக்கொலஸ் சிரிக்கவில்லை. மனைவி ஏமாந்ததை வருடக் கணக்காகப் படம் பிடித்தவர் தானேதான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இந்த முறை நீ வராத, மக்தலேனா. நானும் கமராவ எடுக்கல்ல” என்றார் வீட்டில்.

“நான் வாறன். நீங்களும் எடுங்க” என்றாள் அவள். “குடத்த எப்படிப் புடிக்கிற எண்டு எனக்குத் தெரியும்.”

விழாவில் பவுசர் தண்ணீர் பீறிட்டது. மக்தலேனா குடத்தைக் குழாய்க்கடியில் கவிழ்த்துப் பிடித்தாள். தெறித்த தண்ணீர் எம்பியின் வெள்ளைச் சேட்டைத் தொப்பலாக்கியது.

“அத வெட்டிருங்க, அத வெட்டிருங்க!” என்று எம்பியின் செயலாளர் கத்தினார்.

“நான் ஆரையும் வெட்டுறல்ல, ஐயா” என்றார் நிக்கொலஸ்.

மக்தலேனா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்து, வழக்கமான கிணற்றுக்கு நடந்தாள். கமராவை நிறுத்தாமல் அவரும் பின்னால் நடந்தார், அந்த ஒரு கட்டைத் தூரமும்.