வாயில்லாத விட்டில்

காட்டிலாகாவில் வேலை பார்த்த என் அப்பா, நைனா, தொண்டைப் புற்றால் சித்தூரில் படுத்துவிட்டார். அவர் பார்க்கட்டும் என்று திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிக் காட்டிலிருந்து இரண்டு பூச்சிகளைக் கொண்டுவந்து கொசுவலைக்குள் விட்டேன். இறக்கை விரித்தால் பழுப்பு விட்டில் ஒரு சாணுக்கு மேல். கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சி முக்கால் சாண். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தேன். வண்ணத்துப்பூச்சி சுருண்ட நாக்கை நீட்டிக் குடித்தது. விட்டில் நான்கு நாளாகியும் தொடவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், அதற்கு வாயே இல்லை. நைனாவிடம் சொன்னேன்.

அன்று சபையார் நைனாவுக்காக உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள். நானும் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"அதுக்கு வாய் இல்ல, எனக்குத் தொண்ட இல்ல. நீ எதுக்குடா பட்டினி கெடக்குற? துன்னுடா, நான் பாக்கணும்" என்றார்.

அவருக்காக ஆற்றிய கஞ்சியை அவர் எதிரிலேயே குடித்தேன். ஏழு கரண்டி. எட்டாவது இறங்கவில்லை.