பதினைந்து வயதுப் பால்பல்

சிறுவர்களைப் பாதுகாக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். சட்டம் இருந்தது. படிவங்களும் இருந்தன, மூன்று பிரதிகளில். எழுபதுகளில் நான் பதுளையில் நன்னடத்தை அலுவலராக இருந்தபோது, அந்தப் படிவங்களை என்னைவிடச் சுத்தமாக நிரப்பியவர் எவருமில்லை. மேலதிகாரிகளே அதைச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றி அவர்கள் வேறு எதையும் சொன்னதாக நினைவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்த காலம் அது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் டவுன் வீடுகளுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை அலுவலகம் திறந்த கையோடு, பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் மனைவி ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“சேர், எங்கட பின்வீட்டுல வேல செய்ற புள்ள இது. நேத்துப் பின்னேரம் மதில் ஏறி எங்கட பக்கம் குதிச்சிட்டு. கையப் பாருங்க.”

முழங்கைக்குக் கீழே, துணி தேய்க்கும் ஸ்திரிக்கைப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று, ஆறிப்போனது.

“எப்படிப் பட்டது?” என்றேன்.

“நான்தாங்க ஒழுங்கா மடிக்கல” என்றாள்.

நான் படிவத்தை எடுத்தேன். முதல் கேள்வி வயது. பதினான்குக்குக் கீழே என்றால் அன்றைக்கே நீதவானிடம் கொண்டுபோய்ச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பலாம். மேலே என்றால் எங்கள் அலுவலக வழக்கப்படி அவள் பிள்ளையல்ல, வேலைக்காரி. முறைப்பாடு பொலிசுக்குப் போகும். அவள் அந்த வீட்டுக்கே போவாள்.

“வயது என்ன?”

சிறுமி அந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாதான் பேசினார்.

“வயசு கேக்குறீங்களே சேர், அந்தப் பெட்டி வயசு பாத்தா சுட்டது?”

பதுளையில் ஒரு பிள்ளை எங்கே போயிற்று என்று தெரியவர அதிக நேரம் ஆகாது. வாசலில் கார் வந்து நின்றது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சிறுமி என் மேசைக்கு அடியில் போய்விட்டாள். என் முழங்காலில் அவள் தலை இடித்தது. அவள் நடுங்குவது மேசைக்குத் தெரிந்தது. மைப்புட்டி லேசாகச் சத்தம் போட்டது.

காரிலிருந்து இறங்கிய, அவள் வேலைசெய்த வீட்டுப் பெரியவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மாவட்டச் சிறுவர் நலக் குழுவில் அவர் உறுப்பினர். கூட்டங்களில் பிள்ளைகளைப் பற்றி அவர் பேசினால் கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். நான் எழுந்து நின்றேன்.

“தம்பி, புள்ள கோவிச்சுக்கிட்டு ஓடிவந்திருச்சு. வீட்டுல எல்லாரும் பதறிப்போயிட்டாங்க” என்றார். கையில் ஒரு கடிதம். விடியற்காலையிலேயே ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கார் அனுப்பி, கடிதத்தையும் சிறுமியின் தகப்பனையும் கொண்டுவந்திருந்தார். கடிதத்தில் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் கையெழுத்து. தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோல்படி சிறுமிக்குப் பதினைந்து வயது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது.

நான் தகப்பனைக் கேட்டேன். அவர் பெரியவரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே, “பதினஞ்சுங்க ஐயா” என்றார்.

பொய் என்று எனக்குத் தெரியும். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் பதிந்தால்தான் பிள்ளைக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. பேர் பதிய வயது வேண்டும். வயது போதாவிட்டால் கூட்டிச் சொல்வார்கள். கங்காணிக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். தாய்க்குத் தெரிந்த வயது ஒன்று, செக்ரோல் வயது ஒன்று. சட்டத்துக்குத் தேவைப்பட்டது எழுத்தில் இருந்த வயது.

எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். பெரியவரைப் பகைத்துக்கொண்டு, காட்டுப்பக்கமான மொனராகலைக்கு மாற்றலாகிப் போக விருப்பமில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை, என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். ஒப்படைப்புப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். பெரியவர் கையெழுத்திட்டார். தகப்பன் பெருவிரல் வைத்தார்.

“வா புள்ள, போவம்” என்றார் பெரியவர், மிக மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டதும் சிறுமி மேசைக்கு அடியிலிருந்து வந்துவிட்டாள். அழவில்லை. பாவாடை முனையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்துத் தகப்பன் கையில் வைத்தாள்.

“அப்பா, இத நம்ம லயத்துக் காம்பராக் கூரையில போட்டிருங்க. அந்த வீட்டுக் கூரை ஒசரம். எனக்கு எட்டல.”

அவர் உள்ளங்கையில் ஒரு பல் இருந்தது. சின்னக் கடைவாய்ப்பல்.

“பதினஞ்சு வயசுக் கொமருக்குப் பால்பல்லு விழுகுதா! நல்ல புதினம்” என்றார் கடைக்காரர் மனைவி.

தகப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பத்துங்க ஐயா. பேர் பதியிறதுக்கு நான்தான் கூட்டிச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.”

“அப்ப தொரைகிட்டப் பொய் சொல்லித்தான் பேர் பதிஞ்சியா?” என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, கையெழுத்துப் போட்டாச்சே” என்றார்.

கையெழுத்திட்ட படிவத்தைக் கிழிக்கக்கூடாது. குறுக்கே இரண்டு கோடு கீறி, இடையில் ‘இரத்து’ என்று எழுதி, சுருக்கொப்பமிட வேண்டும். மூன்று பிரதியிலும். நான் கீறினேன். ரூலர் வைத்தும் கோடுகள் கோணலாகத்தான் விழுந்தன. பெரியவர் என் பெயர்ப்பலகையை ஒருதரம் வாசித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, பதினொன்றுக்கு மேல் இராது என்று எழுதிக்கொடுத்தார். அன்று மாலையே நீதவான் உத்தரவுடன் அவளை இல்லத்தில் சேர்த்தோம். தகப்பன் வாசலில் நின்று, “ஐயா, செக்ரோல்ல என் பேர வெட்டிருவாங்களா?” என்று கேட்டார். அறிக்கையில், ‘பெற்றோரின் அறியாமையால் வயது பிழையாகப் பதியப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். அந்த வயது விஷயத்தில் அவரளவு தெரிந்த மனிதர் வேறு யாருமில்லை. அறியாதவர் என்று எழுதினால்தான் தப்புவார்.

பிறகு ஒவ்வொரு தபாலுக்கும் பயந்தேன். மாற்றல் கடிதம் வரவில்லை. தகப்பன் பேரையும் வெட்டவில்லை. செக்ரோலிலிருந்து நீக்கப்பட்டவள் பதினைந்து வயதுக்காரி ஒருத்தி. காரணம், வேலைக்கு வராமை. அடுத்த குழுக் கூட்டத்தில் பெரியவர் வழக்கம்போல் உருக்கமாகப் பேசினார். நான் குறிப்பெடுத்தேன்.

சில மாதம் கழித்து மேற்பார்வைக்காக இல்லத்துக்குப் போனேன். அவள் வாயைத் திறந்து விரலால் காட்டினாள். ஈறில் வெள்ளையாகப் புதுப்பல் முளைத்திருந்தது.

“அப்பா கூரையில போட்டுட்டாரு போல” என்றாள்.

அப்போது வெளியே கேற்றடியில் ஒரு வாகனம் வந்து நின்றது. அவள் வாய் மூடிக்கொண்டது. அவள் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு அடியைப் பார்த்தாள்; நான் யன்னலைப் பார்த்தேன். வெலிமடையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் லொறிதான். சாரதி லீக்ஸ் கட்டுகளை இறக்கத் தொடங்கும்வரை நாங்கள் இருவருமே கண்ணை எடுக்கவில்லை.